மூடுபனி நாள்களின் சமையல்

பள்ளிக்கூடத்தின் அரைச் சுவருக்கு வெளியே மூடுபனி விலகிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் எதிர்மலையின் உச்சி தெரிந்தது. பிறகு தேயிலை வரிசைகள். பிறகு எங்கள் வீட்டுத் தகரக் கூரை. கூரையின் இடுக்குகளிலிருந்து புகை.

காற்றே இல்லாத காலை அது. புகை கலையாமல் நேராக எழுந்து நின்றது. ஈர மிலாறு எரிந்தால் அப்படித்தான் வரும், கறுத்துக் கனத்து. மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டும்போது கழிக்கிற தேயிலைக் குச்சி. எங்கள் மலையில் அதுதான் விறகு.

எங்கள் வீட்டில் ஆள் இரண்டே பேர். ஒருவன் நான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். மற்றவர் என் அப்பா. அவர் பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தன் ஆள்களோடு நிற்கிறார். என் குரல் அவருக்குக் கேட்கும். தலையை நிமிர்த்தினால் புகையும் தெரியும்.

அடுப்படியில் இருப்பவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே இருப்பது வெளியே தெரிந்தால் தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டுவார்கள், கப்பலேற்றியும் விடுவார்கள் என்பதும் தெரியும்.

"ஏழேழு நாப்பத்தொம்பது" என்று பிள்ளைகள் நிறுத்தினார்கள். அடுத்த அடியை நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். நான் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு ஆண்களும் ஒரு பானையும்

போன வாரம் இந்தத் தொடரை அம்மாவின் சாவோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று எழுதினால்தான் இந்தப் புகையின் கதை விளங்கும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைக்கு விலை விழுந்துவிட்டிருந்தது. தோட்டங்களில் பாதி நாள் வேலையில்லை. ஆள்களைக் குறைத்து, பேர் வெட்டப்பட்டவர்களுக்குப் வேலை தீர்ந்ததென்று பத்துச்சீட்டுக் கொடுத்து, கூட்டம் கூட்டமாக மன்னார் வழியே இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொட்டகலைக்கு அருகிலிருந்த எங்கள் தோட்டத்திலும் அதே கதைதான்.

அப்பா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே ஒரு சிறு கூட்டத்தை வேலை வாங்குகிறவர். நான் ஹட்டனில் இங்கிலீஷ் படித்துவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வந்திருந்தேன். தொழிலாளர்களின் வரிசைவீடுகளான மேல் லயத்தின் கோடியில், ஓடைக்கு மேலே, தனியாக எங்களுக்கு ஒரு வீடு.

அம்மாவின் காரியம் முடிந்த அன்றே வேலாண்டி மாமா பேச்சை எடுத்தார். அம்மாவின் தம்பி. அவரும் சில்லறைக் கங்காணிதான்.

"மச்சான், இனிமே ரெண்டு பேரும் எங்க வீட்டுலயே கை நனைங்க. தை பொறக்கட்டும், எம்மக வந்து இந்த அடுப்பப் பாத்துக்குவா."

"எங்க சோத்த நாங்க ஆக்கித் தின்னுக்குவோம்" என்றார் அப்பா.

"ஆம்பள ஆக்கி அடுப்பு எத்தன நாளக்கி எரியும் மச்சான்?"

"எரியிற வரைக்கும் எரியட்டும்."

அது வீம்பு மட்டுமல்ல. அப்பாவின் ஆள்களில் பல பேரை மாமா தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சோறும் பெண்ணும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் மிச்ச ஆள்களும் போய்விடுவார்கள். பிறகு அப்பா பேருக்குத்தான் கங்காணி. அதனால் சமையல் என் தலையில் விழுந்தது.

எனக்குக் கதை எழுத வரும், கணக்குப் போட வரும். உலை வைக்க வராது. தோட்டத்தில் கொடுத்த அரிசி மூட்டையின் சாக்கு வாடையோடு இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. என் சோறு மேலே நறுக்கரிசி, நடுவில் கூழ், அடியில் கரி. போஞ்சிக்காய் பச்சையாகவே பல்லில் கடிபடும். அப்பா ஒரு சொல் சொல்லாமல் தின்றுவிட்டுப் போவார். ஒரு நாள் மட்டும் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஹட்டன்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களோ?"

அவர் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டை தோளில் தொங்கியது. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள்களைக் கூப்பிடும்போது குரலில் பழைய எடுப்பு இல்லை. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அடுப்பு என்றைக்கு அணையும் என்று அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

பவளாயி

ஒரு சாயங்காலம் ஓடையில் பானைக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கைகால் கழுவ வந்த பவளாயி சற்றுக் கீழே நின்று பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, அது சோத்துப் பானையா, தார்ச் சட்டியா?"

"போ, போ. உன் வேலையப் பாரு."

"என் வேலயத்தான் பாக்குறேன். நீங்க கொட்டுற கரியில ஓடத்தண்ணி கறுத்து, எங்க லயத்துக்குத்தான வருது."

பவளாயி அப்பாவின் கூட்டத்தில் கொழுந்தெடுப்பவள். முப்பதைத் தாண்டியவள், ஒல்லி, வாய்த் துடுக்கு. கீழ் லயத்தைச் சேர்ந்தவள். கீழ் லயத்துக்காரர்கள் எங்கள் வாசலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அவர்கள் கை பட்ட பானையில் நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். சாதிப் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்கு விளங்கும் என்பது நம் எல்லோருக்கும் பொதுவான வெட்கம்.

அவளே சொன்னாள்: "இந்த மலையில தண்ணி கொதிக்கிறதெல்லாம் சும்மா வேசம். கொதிக்கும், சூடு பத்தாது. மூடி மேல கல்லத் தூக்கி வைக்கணும். பருப்ப முந்தின நாளே ஊறப் போடணும்."

அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். கல் வழுக்கி விழுந்து பானை விரிசல் விட்டது. மறுநாள் அதே ஓடைக்கரையில் அவளிடம் சொன்னேன்: "நீயே வந்து ஆக்கி வச்சிட்டுப் போயேன்."

கூப்பிட்டவன் நான். இதை எழுதுவதற்காகத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். அவள் தானாக வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "வெளயாடாதீங்க. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு."

"நான் ஆக்கினதாச் சொல்லிக்கிறேன்."

"தெரிஞ்சிருச்சின்னா?"

"நான் பாத்துக்கிறேன்."

அவள் புருசன் கடல் தாண்டி அக்கரைக்குப் போனவன், ஒரு சேதியும் இல்லை. ஒண்டியாக இருக்கிற பெண்களின் பேரைத்தான் அப்போது முதலில் வெட்டினார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். "கஞ்சித்தண்ணியும் ஒரு கை சோறும் குடுத்தாப் போதும். ஆனா பேர் வெட்டுறப்ப என் பேர் வந்துச்சின்னா ஒங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அக்கரையில எனக்கு யாரு இருக்கா? ஊருப் பேரே எங்கப்பன் சொல்லித்தான் தெரியும். நான் பொறந்தது இங்கன, இந்தக் கீழ் லயத்துல."

"சொல்றேன்" என்றேன்.

பனி இருந்தால் நெருப்பு

அவள் முதல் தடவை சமைத்தது வேலையில்லாத ஒரு நாள். வடித்த சோறு, பருப்பு, நெத்திலிக் கருவாடு போட்ட ஒரு குழம்பு. அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இன்னுங் கொஞ்சம் போடு" என்றார்.

மறுநாளே பவளாயியைக் கொழுந்தெடுப்பிலிருந்து ஓடைக்கரைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்புறம், ஆள் நடமாட்டமில்லாத சரிவு. நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம். மலையில் பனி மூடியிருந்தால் நெருப்பு மூட்டலாம். வானம் வெளுத்திருந்தால் கூடாது. அன்றைக்குக் காலையில் நான் மூட்டி அணைத்த தணலிலேயே எதையாவது வேகவைக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது எங்கள் கூரையில் புகை தெரியக் கூடாது. மதியத்துக்கு அப்பா வரும்போது சோறு இருக்க வேண்டும், அவள் இருக்கக் கூடாது.

அந்த மாதங்களில் விடிந்ததும் நான் செய்த முதல் காரியம் கதவைத் திறந்து மலையைப் பார்ப்பதுதான். எதிரே ஒன்றும் தெரியாவிட்டால் நிம்மதி. நுவரெலியாப் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு நெருப்பு இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் கொல்லைப்புறத்தில் அவள் எனக்குப் பாடம் எடுப்பாள். அப்பா கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

"நேத்து ரசத்துக்கு என்ன போட்டீங்க, சொல்லுங்க பாப்போம்."

"மிளகு, சீரகம், கொத்தமல்லி…"

"பூண்டு எங்க போச்சி? ஒங்க பிள்ளைக இப்புடி முழிச்சா பெரம்பால போடுவீங்கல்ல? நீட்டுங்க கைய."

முட்டைக்கோசு வைத்த அன்று ஒரு தடவைதான் அப்பா கேட்டார். "கோவாவுல என்னமோ புதுசா இருக்கே, என்னடா போட்ட?" நான் ஒப்பித்தேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் முகம் தெளிந்தது. குரல் திரும்பியது. ஒரு நாள் பெரட்டுக் களத்தில் மாமாவின் முகத்துக்கு நேரே, "எம்மகன் கைப்பக்குவம் அவங்காத்தா மாதிரியே, மச்சான்" என்றார். மாமா வெற்றிலையைத் துப்பினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு விடுமுறை நாளில் அப்பா நேரங்கெட்ட நேரத்தில் திரும்பி வந்தார். பவளாயி உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று இருமினார். மறுபடி இருமினார். பிறகு கால் கழுவப் போனார். ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினார். அவர் உள்ளே நுழைந்தபோது அவள் ஓடைச் சரிவில் இறங்கிவிட்டிருந்தாள். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இங்கிலீஷ் படித்த மூளை அவ்வளவு தூரத்துக்குத்தான் எட்டியது.

மடுவத்தில்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

வாரம் முழுக்க மழை. மிலாறெல்லாம் நனைந்து கிடந்தது. விடியும்போது கை நீட்டினால் விரல் தெரியாத பனி, அதனால் அவள் பயமில்லாமல் மூட்டினாள். அது அவ்வளவு சீக்கிரம் விலகும் என்று யாருக்குத் தெரியும்?

அரைச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். பெண்கள் கூடைகளோடு நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். மாமா மோவாயால் எங்கள் கூரையைக் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா ஏதோ சொன்னார். மாமா ஏதோ சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். பிள்ளைகளின் இரைச்சலில் எனக்குப் பேச்சுக் கேட்கவில்லை. வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சேற்றுப் படியில் வழுக்கி முழங்கால் சிராய்த்தது.

மடுவத்தில் நான் போய் நின்றதும் மாமா திரும்பி வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாங்க மாப்ளே" என்றார் மாமா, சிரித்துக்கொண்டு. "ஒங்களப் பத்தித்தான் பேச்சு."

அப்பா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். கேட்பதற்கு முன் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றியது.

"அப்பா, நான் அவள வரச் சொல்லல" என்றேன். "அவளாத்தான் வந்து ஆக்கி வச்சிட்டுப் போறா. வேணாம்னாலும் கேக்கல."

தராசுச் சங்கிலியின் சத்தம் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு மாப்ளே?" என்றார் மாமா, மெதுவாக.

அப்போதுதான் விளங்கியது, அவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று. அந்த இடத்தில்கூட வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மழுப்பியிருக்கலாம், மயங்கி விழுவதுபோல் நடித்திருக்கலாம். நான் பவளாயியின் பேரைச் சொன்னேன்.

ஆள் அனுப்பி அவளைக் கூட்டிவந்தார்கள். கைக்கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கூட்டத்தையும் என்னையும் பார்த்ததும் நடை தளர்ந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"கங்காணி வீட்டுக்குள்ள ஒனக்கு என்னடி வேல?" என்றார் மாமா. "திருடப் போனியா?"

"திருடப் போனவ பருப்ப வேகவச்சு, தாளிச்சும் வப்பாளா கங்காணி? அந்த மாதிரி திருடி ஒங்க வீட்டுக்கும் வேணும்னாச் சொல்லுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நிறுவை பார்க்கிற கணக்கப்பிள்ளைகூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பிலேயே எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. கூப்பிடாமல் யாரும் அடுத்த வீட்டில் பருப்பு வேகவைப்பதில்லை. ஒரு கணம், இது இப்படியே வேடிக்கையாக முடிந்துவிடும் என்று நம்பினேன்.

மாமா சிரிக்கவில்லை. "அப்ப சட்டியில கை வச்சது நெசம்" என்றார். "எங்கக்கா புழங்குன சட்டியில."

சிரிப்பு அடங்கியது. மேல் லயத்துப் பெண்கள் பின்வாங்கி நின்றார்கள்.

பவளாயி என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. முன்பின் தெரியாத ஆளை அடையாளம் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சரி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பேர வெட்டிருங்க" என்று கணக்கப்பிள்ளையிடம் அப்பா சொன்னார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் பெரட்டில் விசயம் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரையிடம் போனது. தொரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். ஆனால் என்னிடம் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார். இந்தப் பெண் அனுமதியில்லாமல்தான் உன் வீட்டுக்குள் வந்தாளா என்று கேட்டார். அந்தக் களத்தில் வேறு யாருக்கும் அந்தப் பேச்சு புரியாது. உண்மையை நான் சொல்லியிருந்தால் அவரைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்பாவின் மானமும் போயிருக்காது. ஆமாம் என்று சொன்னேன். மடுவத்தில் சொன்னது பயத்தில் வாய் உளறியது என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரட்டில் சொன்னதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

அப்பா சொன்னது

மடுவத்துச் சம்பவம் நடந்த அன்று மதியமே மாமா எங்கள் சட்டி பானைகளை வாசலில் போட்டு உடைத்தார். அடுப்பையும் இடித்தார். பருப்பு இன்னும் சூடாக இருந்தது. பூண்டும் கடுகும் தாளித்த வாசனை வாசல் முழுக்கப் பரவியது. காலையிலிருந்து சாப்பிடாத எனக்கு அந்த நேரத்திலும் நாக்கில் நீர் ஊறியதை மறைக்கப் போவதில்லை.

சாயங்காலம் மாமா வீட்டிலிருந்து சோறு வந்தது. அப்பா மறுக்கவில்லை. மறுப்பதற்கு அவருக்கு நான் வாய் வைக்கவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மடுவத்துல ஒம்மாமன் பொகையக் காட்டுனப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"'பய போஞ்சிய அடுப்புல வச்சிட்டு மறந்து போயிருப்பான். நேத்தும் அப்படித்தான் தீச்சு வச்சான்'னு சொன்னேன். பொம்பளைக சிரிச்சாங்க. ஒம்மாமன் அடுப்ப அணைக்கப் போறேன்னான். அதுக்குள்ள நீ ஓடியாந்த."

நான் சிராய்த்த முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வந்தவன் வாயத் தொறக்காம நின்னிருக்கலாமேடா. தலைய ஆட்டிக் காட்டுனேனே."

"அப்பா… ஒங்களுக்கு…"

"மொத நாளே தெரியும். ஒனக்கு உப்புப் போடவே தெரியாது." கையைத் தட்டில் வைத்தார், சோற்றைத் தொடவில்லை. "அவள ஓடக்கரப் புல்லுக்கு மாத்துனது யாருன்னு நெனச்ச? தொரையா?"

அப்பாவும் குற்றமில்லாதவர் அல்ல. தெரியாததுபோல் தின்பதற்கு அவருக்கு மனம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பிறகு அவள் பக்கம் நிற்க வரவில்லை. ஆனால் அவர் கட்டிக் காத்துவந்த மறைப்பைக் கிழித்துப் போட்டவன் நான்தான்.

தை பிறந்ததும் மாமாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் மனைவியைத் தெரியும். அவளைப் பற்றி நான் எழுதிய நல்லதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவள் கையால் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டேன். அந்தச் சோறு எந்த வழியாக என் தட்டுக்கு வந்தது என்பதை அவளிடம் ஒரு நாளும் பேசவில்லை. அவள் காலமான பிறகுதான் எழுதத் துணிவு வந்திருக்கிறது. துணிவு என்று சொல்வதும் அதிகம்தான்.

கொட்டகலை ஸ்டேசன்

பவளாயியைப் பேர் வெட்டப்பட்ட மற்றக் குடும்பங்களோடு சேர்த்து அனுப்பினார்கள். எந்த ரயில் என்பது எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் கொட்டகலைக் கடைத்தெருவில் புதிதாக ஒரு பானை வாங்கி வந்தேன். விடியும்போது வாசலில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தேன். பருப்பு ஊறியிருந்தது. மூடி மேல் கல்லை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அப்பா உள்ளேயிருந்து பார்த்தார்.

வழியில் தின்ன அவளுக்கு ஒரு வேளைச் சோறு. அதைக் கொடுத்தால் என் மனது கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன ஆகும் என்று அப்போதும் நினைக்கவில்லை.

ஸ்டேசனில் மழைத்தூறல். பாய்ச்சுருட்டுகளும் தகரப் பெட்டிகளும் பிளாட்பாரம் முழுக்கக் கிடந்தன. யாரோ ஒரு கிழவர் தன் நாயை விரட்டிக்கொண்டிருந்தார். அது போகாமல் திரும்பத் திரும்ப வந்தது. பவளாயி ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. மற்ற நாளென்றால் எழுந்திருப்பாள்.

தூக்குச் சட்டியை நீட்டினேன். "வழிக்குச் சோறு."

"யாரு ஆக்குனது?"

"நான்தான்."

மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள். சமையல் பார்க்கிறவளின் பழக்கம் அது. பிறகு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடினாள்.

"என் கையால நீங்க தின்னீங்க வாத்தியாரய்யா, நாளெல்லாம்" என்றாள். "ஒங்க கையால நான் திங்கமாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. சட்டியை என் கையிலேயே திருப்பி வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். ரயில் கிளம்பும்போது எந்தப் பெட்டியில் இருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் எனக்குக் கிடைத்ததில்லை. நானும் தேடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கதவருகே நின்றிருந்தார். மாமா வீட்டுச் சோறு உள்ளே மூடி வைத்தபடி இருந்தது.

"வாங்கிக்கிட்டாளா?"

"இல்லப்பா."

அவர் கையை நீட்டினார். சட்டியைக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். இரண்டு தட்டு எடுத்து வரச் சொல்லி, அவரே பங்கு போட்டார்.

"உக்காரு" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமாக அந்த வீட்டில் ஆக்கித் தின்ற கடைசிச் சோறு அதுதான். நன்றாக வெந்திருந்தது.